பெற்றவள் எங்கே போனாள்?

சாலையோரத்தில் கூட்டம் கூடிவிடுகிறது. வண்டியொன்று நிற்கிறது. சின்னஞ்சிறு செருப்பொன்று தனியே கிடக்கிறது. ஓடிவந்தவர் ஒவ்வொருவர் வாயினின்றும் வருவது ஒரே கேள்விதான்: "இவ்வளவு சின்னக் குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டுப் பெற்றவள் எங்கே போனாள்?"

வண்டி எத்துணை வேகத்தில் வந்தது என்று கேட்பார் சிலர். தந்தை எங்கே போனான் என்று கேட்பார் மிகச் சிலர். வீடும் கடையும் பள்ளியும் நெருங்கிய அந்த இடத்தில் அத்துணை வேகத்துக்கு வழிவகுத்தவர் யார் என்று கேட்பாரோ அறவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பழியையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறாள். அவளைத் தேற்ற வரும் வேறு சிலர், "எல்லாம் தலைவிதி" என்கின்றனர். ஒருபுறம் பழி, மறுபுறம் விதி. இரண்டுக்கும் நடுவே, தெருவை அவ்வாறு அமைத்தவர்கள் ஓசையின்றி நழுவிவிடுகின்றனர்.

அக்கேள்வியை நாமும் கேட்டிருக்கிறோம். தாய்மையைப் போலவே அதுவும் இயற்கையானது, என்றும் உள்ளது என்று எண்ணியிருக்கிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பொது இடத்தில் குழந்தையைக் காக்கும் கடமை முழுவதும் தாயின் தலையில் ஏற்றப்பட்டதற்கு ஒரு காலம் உண்டு. ஓர் இடம் உண்டு. அதனால் ஊதியம் கண்டோரும் உண்டு. அதனை ஏற்க மறுத்து எழுந்த தாய்மாரும் தந்தையரும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

வாயிற்படிக் காவல்

1900-ஆம் ஆண்டையொட்டிய நியூயார்க் நகருக்குச் செல்வோம். மன்ஹாட்டன் தீவின் கீழ்க்கிழக்குப் பகுதி. உருசியப் பேரரசின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்களும், தென் இத்தாலியின் வறுமையினின்று தப்பி வந்த உழவர்களும் குவிந்திருந்த இடம் அது. ஐந்தடுக்கு, ஆறடுக்குக் கட்டடங்கள். அறைகள் பலவற்றுக்குச் சாளரமே இல்லை. டென்மார்க்கினின்று குடியேறிய இதழாளர் ஜேக்கப் ரீஸ் 1890-இல் வெளியிட்ட நூலும், அவர் எடுத்த புகைப்படங்களும் அந்த இருட்டறைகளை உலகுக்குக் காட்டின. புதிய கட்டடங்களில் அறைதோறும் காற்றும் ஒளியும் புக வழி வேண்டும் என்று 1901-ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்தியது.

அத்தகைய வீட்டில் குழந்தை எங்கே விளையாடும்? தெருவில்தான். தெருவே அதற்கு முற்றம், தெருவே தோட்டம், தெருவே பள்ளிக்கு முந்திய பள்ளி. அங்கே அதனைக் காத்தவர் யார்? தாய் தையல் வேலையில் இருந்தாள். வீட்டிலேயே கூலிக்குத் தைத்தவள், மூன்றாம் மாடிச் சாளரத்தின் வழியே தலையை நீட்டி ஒரு குரல் கொடுப்பாள். வாயிற்படியில் பாட்டி அமர்ந்திருப்பாள். தள்ளுவண்டியில் மீன் விற்பவன் பார்த்துக்கொள்வான். ரொட்டிக் கடைக்காரன் அதட்டுவான். அந்தத் தெருவில் வாழ்ந்தோர் அனைவருக்கும் அங்கு விளையாடிய குழந்தையின் மீது ஒரு கண் இருந்தது. ஒருவர் வேலையை ஒருவர் மீது சுமத்தாமல், பலரும் தம் வேலையைச் செய்துகொண்டே பகிர்ந்து செய்த காவல் அது.

எல்லாரினும் மிகுதியாகக் காத்தவள் ஒருத்தி உண்டு: அக்காள். தானே குழந்தையாக இருந்தும், இடுப்பில் ஒரு குழந்தையைச் சுமந்து நின்ற சிறுமி. இத்தகைய சிறுமியர் அங்கு 'சின்னத்தாய்' என்றே அழைக்கப்பட்டனர். நியூயார்க் நகரின் குழந்தை நலத்துறை 1908-இல் தோன்றியபோது அதன் தலைமையை ஏற்ற டாக்டர் ஜோசஃபீன் பேக்கர் என்னும் அம்மையார், பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன சிறுமியரைத் திரட்டிச் 'சின்னத்தாய்மார் கழகங்கள்' அமைத்தார். பாலைத் தூய்மையாக வைப்பது எப்படி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று அவர்களுக்குக் கற்பித்தார். அம்மையாரின் நோக்கம் உயர்ந்தது. அதனால் காக்கப்பட்ட உயிர்களும் பல. எனினும் அக்கழகத்தின் பெயரிலேயே ஒரு கொடுமை ஒளிந்திருப்பதைக் காணத் தவறக்கூடாது. சின்னத்தாய் இருந்தாள், சின்னத் தந்தை இல்லை! அண்ணன் பந்து விளையாடினான். தங்கையோ தம்பியைச் சுமந்தாள்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவாரும் உளர். நாம் அவ்வாறு கூற மாட்டோம். அழுக்கு இருந்தது, கோடையில் வயிற்றுப்போக்கு குழந்தைகளை வாரிக்கொண்டு சென்றது, குதிரை வண்டியிலும் டிராம் வண்டியிலும் சிக்கி மாண்ட சிறுவரும் இருந்தனர். ஆனால் ஒன்று உறுதி. தெரு எல்லார்க்கும் பொது என்பதை அன்று எவரும் மறுத்திலர். அங்கே ஆடிய குழந்தை அத்துமீறி நுழைந்ததாக எவரும் கருதவில்லை.

நினைவுச் சின்னமும் வாக்குச்சீட்டும்

பின்னர் வந்தது மோட்டார். செல்வர் சிலரின் விளையாட்டுப் பொருளாக வந்தது, இருபதாண்டுக்குள் வீதியெங்கும் நிறைந்தது. 1920-க்குப் பின் அமெரிக்க நகரங்களில் மோட்டாருக்கு இரையானோரில் குழந்தைகள் பெருந்தொகையினர். விந்தை என்னவெனில், அன்று மக்கள் தாயை நோக்கி விரல் நீட்டவில்லை. வண்டியை நோக்கியே நீட்டினர். வேகமாக ஓடும் இயந்திரத்தைப் பொதுத்தெருவில் கொண்டுவந்தவனே பொறுப்பாளி என்று இதழ்கள் எழுதின. எமனே மோட்டாரை ஓட்டுவதாகக் கேலிப்படங்கள் வந்தன.

1922-இல் பால்ட்டிமோர் நகரில், முந்திய ஆண்டு விபத்துகளில் மாண்ட நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் நினைவாகப் பொது இடத்தில் ஒரு சின்னம் எழுப்பப்பட்டது. அதே ஆண்டு நியூயார்க் வீதிகளில் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் அணிவகுத்தனர். மாண்ட குழந்தைகளுக்கு ஈடாக அவ்வணியில் சிறுவர் நடந்தனர்; பிள்ளையை இழந்த தாய்மாரும் உடன் வந்தனர். போரில் வீழ்ந்த வீரருக்கு நாடு செய்யும் சிறப்பை, தெருவில் வீழ்ந்த குழந்தைகளுக்கு அந்நகரங்கள் செய்தன. இழப்பு அந்த வீட்டாருக்கு மட்டும் உரியதன்று, ஊருக்கே உரியது என்பது அதன் பொருள்.

1923-இல் சின்சினாட்டி நகரில் மக்கள் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தனர். நகருக்குள் ஓடும் மோட்டார் எதுவாயினும், மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதவாறு இயந்திரத்திலேயே ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று விண்ணப்பம் ஒன்று எழுந்தது. அதில் 42,000 பேர் கையெழுத்திட்டனர். வாக்கெடுப்பும் வந்தது. மோட்டார் வணிகர்கள் விழித்துக்கொண்டனர்! வேகம் குறைந்தால் விற்பனை குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். பணம் திரட்டினர், விளம்பரம் செய்தனர், வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்டினர். விண்ணப்பம் பெருந்தோல்வி கண்டது.

அந்தத் தேர்தலினின்று அவர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. வென்றால் மட்டும் போதாது. கேள்வியையே மாற்ற வேண்டும். "வண்டி ஏன் இவ்வளவு வேகமாக வந்தது?" என்று கேட்கும் வரை தமக்கு ஆபத்து. "அவன் ஏன் குறுக்கே வந்தான்?" என்று கேட்க மக்களைப் பழக்கிவிட்டால் ஆபத்து நீங்கும். ஆங்கிலத்தில் 'ஜே' என்றால் நகர நாகரிகம் அறியாத பட்டிக்காட்டான் என்று பொருள். தெருவைத் தன் விருப்பப்படி கடப்பவனை 'ஜேவாக்கர்' என்று இகழும் சொல்லை மோட்டார்க் குழுவினர் ஊரெங்கும் பரப்பினர். 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இயற்றிய போக்குவரத்து விதிகள், நடப்போரைக் குறித்த கோட்டுக்குள் அடக்கின. பிற நகரங்களுக்கு அவையே முன்மாதிரியும் ஆயின. பள்ளிகளுக்குள் பாதுகாப்புப் பாடம் நுழைந்தது. "தெருவில் ஆடாதே" என்று அறிவுறுத்தும் சுவரொட்டிகளை மோட்டார்ச் சங்கங்களே அச்சிட்டு வழங்கின.

எச்சரிக்கை கற்பிப்பது தீதன்று. ஆனால் பாடம் யாருக்கு நடத்தப்பட்டது என்பதைக் கவனியுங்கள். இயந்திரத்தைச் செலுத்தியவனுக்கன்று, ஆறு வயதுக் குழந்தைக்கு! ஒரே தலைமுறைக்குள் தெரு கைமாறியது. ஆடிய குழந்தை அத்துமீறியவன் ஆனான். அவனைத் தெருவில் விட்ட தாய் குற்றவாளி ஆனாள். நினைவுச் சின்னம் எழுப்பும் வழக்கம் மறைந்தது. ஊரின் துயராக இருந்தது, ஒரு வீட்டின் குற்றமாகச் சுருங்கியது.

இதற்கு மாற்றுத் தேடியோரும் இருந்தனர். 1903-இலேயே கீழ்க்கிழக்குப் பகுதியின் சூவர்டு பூங்காவில், நகராட்சியின் செலவில், குழந்தைகளுக்கெனத் தனி ஆடுகளம் திறக்கப்பட்டது. 1914-இல் நியூயார்க் காவல்துறை சில தெருக்களைக் குறித்த நேரங்களில் வண்டிகளுக்கு அடைத்து, 'விளையாட்டுத் தெரு' என்று குழந்தைகளுக்கு விட்டது. இங்கிலாந்து 1938-இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. ஆடுகளம் நல்லதே. ஆயினும் அது தொலைவில் இருந்தால், அங்கே அழைத்துச் சென்று, அமர்ந்து, காத்து, மீட்டு வர யாரேனும் வேண்டும். அந்த யாரோ ஒருவர் எவர் என்பதில் ஐயம் வேண்டுமோ? வாசலில் ஊரே பகிர்ந்து செய்த காவல், ஆடுகளத்தில் ஒருத்தியின் முழுநேர வேலையாயிற்று.

நாடா கட்டிய சிறுமியர்

நியூயார்க்கின் பூங்காக்களுக்கு ராபர்ட் மோசஸ் என்பார் ஆணையராக இருந்தார். அந்நகரில் அவர் அமைத்த ஆடுகளங்கள் அறுநூறுக்கு மேற்பட்டவை. குழந்தைகளுக்கு அவ்வளவு செய்த அதே மனிதர், வாஷிங்டன் சதுக்கப் பூங்காவைப் பிளந்து பெருஞ்சாலை போடத் திட்டமிட்டார். கிரீனிச் வில்லேஜ் பகுதித் தாய்மார் நாள்தோறும் குழந்தைகளை விளையாட விட்ட இடம் அந்தப் பூங்கா. குழந்தைக்கு ஒரு மூலை, மோட்டாருக்கு மற்றவை எல்லாம் என்பதே அவருடைய கணக்கு.

1952-இல் ஷெர்லி ஹேய்ஸ் என்னும் பெண்மணி, நான்கு ஆண்மக்களின் தாய், குழு அமைத்து எதிர்த்தார். சாலையை அகலமாக்காதே என்று கேட்பது போதாது, இருக்கும் வண்டிப் பாதையையும் மூடு என்றார். துண்டறிக்கை, கையெழுத்து, கூட்டம் என்று ஆண்டுகள் உருண்டன. ஜேன் ஜேகப்ஸ் என்னும் எழுத்தாளரும் சேர்ந்தார். திருமதி எலினார் ரூஸ்வெல்ட் துணை நின்றார். இத்திட்டத்தை எதிர்ப்போர் வெறும் தாய்மார் கும்பல்தான் என்று மோசஸ் இகழ்ந்ததாக ஜேகப்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தத் தாய்மார் கும்பல்தான் வென்றது! 1958 நவம்பரில் பூங்கா வண்டிகளுக்கு மூடப்பட்டது. சாலை திறப்பவர்கள் நாடாவை வெட்டுவது வழக்கம். அன்று சிறுமியர் இருவர் நாடாவைக் கட்டிச் சாலையை மூடினர்.

ஜேகப்ஸ் 1961-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் ஆராய்ந்தார். நடைபாதையில் குழந்தை வளர்வதற்கென ஓர் இயலே அதில் உண்டு. அவர் கூறும் நிகழ்ச்சி ஒன்று நம் கருத்துக்கு உரியது. அவருடைய மகன் சாலைக்குள் ஓடினான். அத்தெருவில் பூட்டுத் தொழில் செய்தவர் அவனை அதட்டினார். பின்னர் கடை வழியே சென்ற அவன் தந்தையிடமும் சொன்னார். உறவும் இல்லை, கூலியும் இல்லை. அதனால் சிறுவன் கற்றது சாலை விதி மட்டுமன்று. தொடர்பில்லாதவரும் ஒருவருக்கொருவர் பொறுப்புடையவர் என்னும் பெரும் பாடத்தையும் கற்றான் என்கிறார் ஜேகப்ஸ். வேலைக்கும் வணிகத்துக்கும் இடமின்றிக் குடியிருப்பும் ஆடுகளமும் மட்டும் அமைத்தால், அங்கே பகல் முழுவதும் பெண்களே குழந்தைகளோடு அடைபட்டிருப்பர். ஆடவரின் அன்றாடத் துணை குழந்தைக்குக் கிட்டாது என்றும் இடித்துரைக்கிறார்.

குழந்தைக் கொலையை நிறுத்து!

அமெரிக்கா கற்பித்த கேள்வி கடல் கடந்து ஐரோப்பாவையும் அடைந்தது. ஹாலந்து சிறிய நாடு. சைக்கிளில் செல்லும் நாடு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செல்வம் பெருக, மோட்டாரும் பெருகியது. 1971-இல் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

விக் லாங்கன்ஹாஃப் என்னும் இதழாளரின் சிறு மகள் சாலை விபத்தில் மாண்டாள். துயரத்தைத் தலைவிதியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1972-இல் 'டி டைட்' இதழில் கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பது அதன் தலைப்பு. விபத்து என்ற மெல்லிய சொல்லைத் தள்ளிவிட்டுக் கொலை என்றார். பெற்றோர் ஒன்றுதிரள வேண்டும் என்று அழைத்தார். அழைப்பு வீண்போகவில்லை. அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. மார்ட்யே வான் புட்டன் என்னும் இளந்தாய் அதன் முதல் தலைவர். பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தவர் அவர்.

விபத்து மிகுந்த இடங்களில் அவர்கள் கூடினர். சாலையை மறித்தனர். தெருக்களை ஒருநாள் மூடிக் குழந்தைகளை ஆடவிட்டுக் காட்டினர். ஆம்ஸ்டர்டாமின் டி பைப் பகுதியில், நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த சிறுவர்களே தம் தெருவை மறித்து, விளையாட இடம் கேட்டனர். அதனைக் காட்டும் படம் 1972-இல் தொலைக்காட்சியில் வந்தது. சினங்கொண்டு தடைகளை இழுத்தெறியும் வண்டிக்காரர்களையும் அதில் காணலாம். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுவதை அரசு தடுத்தபோது, அகன்ற நெடுஞ்சாலைகளில் குழந்தைகள் உருளைச் சக்கரக் காலணிகளுடன் ஓடினர். வண்டியில்லாத் தெரு எப்படி இருக்கும் என்பதை நாடே கண்டது.

அதற்கு முன்பே டெல்ஃப்ட் நகரில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. குடியிருப்புத் தெருக்கள் சிலவற்றில் நடைபாதைக்கும் சாலைக்கும் இருந்த மேடு பள்ளத்தை அகற்றினர். நேர்த்தெருவை வளைத்தனர். நடுவே மரம் வைத்தனர், விசிப்பலகை இட்டனர். வண்டி தடுக்கப்படவில்லை. ஆனால் ஆள் நடக்கும் வேகத்தில்தான் அது ஊர்ந்தாக வேண்டும். 'வூனெர்ஃப்' என்று அதற்குப் பெயரிட்டனர். வாழும் முற்றம் என்று நம் மொழியில் கூறலாம். 1976-இல் அது நாட்டின் சட்டத்திலேயே ஏறியது. அத்தகைய தெருவில் நடப்பவர் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், குழந்தைகள் ஆடலாம், வண்டியோட்டி விட்டுக்கொடுக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் சின்சினாட்டி மக்கள் இயந்திரத்துக்குள் வைக்க விரும்பிய கட்டுப்பாட்டை, டெல்ஃப்ட் மக்கள் தெருவுக்குள்ளேயே வைத்துவிட்டனர். தெருவே அங்குச் செவிலித்தாய்! தனிச் சைக்கிள் பாதைகளும் வேகக் குறைப்பும் பின்தொடர்ந்தன. ஆண்டுக்கு நானூறுக்கு மேல் மாண்ட குழந்தைகளின் எண்ணிக்கை, நாற்பதாண்டுகளில் சில பத்துகளுக்குள் ஒடுங்கியது. ஹாலந்துத் தாய்மார் அதற்கு முன் அன்பில் குறைந்திருந்தனரா? அன்பு மாறவில்லை. தெரு மாறியது.

பகுத்தறிவு கூறுவது

"அப்படியானால் பெற்றோர் பாராமுகமாக இருக்கலாமா?" என்று கேட்பர் சிலர். ஆகாது. இரண்டு வயதுக் குழந்தையின் கையைப் பற்றித்தான் ஆக வேண்டும். சந்தையிலும் திருவிழாவிலும் நீர்நிலையருகிலும் கண் அகலக்கூடாது. நாம் மறுப்பது காவலையன்று. காவல் முழுவதையும் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு ஊரார் ஒதுங்குவதைத்தான்.

குழந்தைக்குக் கற்பித்தால் போதும் என்பாருக்கும் அறிவியல் விடை கூறிவிட்டது. சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் ஸ்டினா சாண்டல்ஸ் அம்மையார், சாலையில் சிறு குழந்தைகள் நடந்துகொள்ளும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1968-இல் நூல் வெளியிட்டார். சிறு குழந்தையின் உடலும் உள்ளமும் வளர்ச்சி பெறாதவை. வண்டியின் தொலைவையும் வேகத்தையும் அது சரிவர மதிப்பிட முடியாது. ஒலி வரும் திசையையும் தெளிவாக அறியாது. பந்தின் பின்னே ஓடும்போது கற்ற பாடம் நினைவுக்கு வாராது. ஆகவே எத்துணைப் பாடம் நடத்தினாலும் குழந்தையைப் போக்குவரத்துக்கேற்ப மாற்ற இயலாது. போக்குவரத்தைத்தான் குழந்தைக்கேற்ப மாற்ற வேண்டும் என்பது அவருடைய முடிவு. இயற்கை தர மறுத்ததைப் பிரம்பாலும் பெற முடியாது. பிரார்த்தனையாலும் பெற முடியாது.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. தம்பியைச் சுமந்து நிற்கும் சின்னத்தாயை நாமும் நம் தெருக்களில் கண்டவர்களே. பள்ளிக்குப் போகாமல் நின்ற அச்சிறுமியைப் பொறுப்புள்ள பெண் என்று பாராட்டியவர்களும் நாமே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளர் மிகுந்த ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1975-இல் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைத் தந்தது. குழந்தையைக் காப்பது பொதுவேலை என்று சட்டம் ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள் அவை. நான்கு சுவருக்குள் ஒப்புக்கொண்டதை, வாசலுக்கு வெளியேயும் ஒப்புக்கொள்ளத் தயங்குவானேன்?

பெற்றவள் எங்கே போனாள் என்ற கேள்விக்கு விடை எளிது. அவள் வேலைக்குப் போனாள். குடிநீர்க் குழாயடிக்குப் போனாள். மாமியாருக்கு மருந்து வாங்கப் போனாள். இன்னொரு குழந்தையைத் தூக்கத் திரும்பினாள். ஒரு நொடி, ஒரே நொடி, வேறு பக்கம் பார்த்தாள். ஒரு நொடிப் பிழையையும் பொறுக்காத தெருவை ஊரின் நடுவே வைத்துக்கொண்டு, கண் இமைத்தவளைக் குற்றவாளி என்பது நீதியாகாது.

அடுத்த முறை கூட்டம் கூடி அக்கேள்வி எழும்போது, நம்முள் ஒருவராவது குரலெழுப்பி வேறு கேள்விகளைக் கேட்போம். வண்டி ஏன் அத்துணை வேகத்தில் வந்தது? நடைபாதை எங்கே போயிற்று? தந்தை எங்கே போனான்? நகராட்சி எங்கே போயிற்று? அருகில் நின்ற நாம் எங்கே போனோம்?